தசையின் நுனிகளைப் பார்க்காமல் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளையிடம் மேற்கையின் முன்பக்கத்து இருதலைத்தசை என்ன செய்யும் என்று கேளுங்கள். "கையை மடக்கும்" என்று உடனே பதில் வரும். அது எந்த எலும்பில் தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது என்று கேட்டால், மேற்கையைத் தொட்டுக் காட்டிவிட்டு முழிப்பார்கள். புடைத்துத் தெரிகிற நடுப்பகுதியை மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து முளைப்பவைதான்.

இருதலைத்தசையின் இரண்டு தலைகளும் தோள்பட்டை எலும்பில் தொடங்குகின்றன. மேற்கை எலும்பில் அது ஒட்டுவதே இல்லை. கீழ்நுனி முன்கையில் பெருவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பில் பொருந்துகிறது. ஆரை உருளக்கூடிய எலும்பு. அதை இழுத்தால் முழங்கை மடிவதோடு உள்ளங்கையும் மேலே திரும்பும். சந்தேகமா? முழங்கையை மடித்து, உள்ளங்கையைக் கவிழ்த்து வையுங்கள். மற்றக் கையால் மேற்கையைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையை மெல்லத் திருப்புங்கள். மடக்காமலே தசை இறுகும். வலக்கையால் திருகாணியை முறுக்கும்போது உழைப்பதும் இதுதான். உள்ளங்கை எப்பக்கம் இருந்தாலும் கையை மடக்கித்தருவது இதற்கு அடியில் மறைந்து கிடக்கும் இன்னொரு தசை. அது பிடிப்பது சின்னவிரல் பக்கத்து எலும்பை; அந்த எலும்பு உருளாது.

தசை தள்ளும் என்று எழுதுவது அடுத்தது. திருகோணமலை உப்புவெளிக் கரையில் வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளுகிறார்கள். அப்போது மேற்கையின் பின்பக்கத்து முத்தலைத்தசை முழங்கை முனையை இழுக்கிறது, கை நிமிர்கிறது, வள்ளம் நகர்கிறது. தசைக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும். அதனால்தான் ஒரு மூட்டுக்கு எதிரெதிராகத் தசைகள் வேண்டியிருக்கின்றன.

ஒரு நுனி எப்போதும் நிலையானது, மறுநுனி எப்போதும் அசைவது என்று பாடமாக்கிக்கொள்வதும் சரியில்லை. முதுகின் அகன்ற தசை முள்ளந்தண்டிலும் இடுப்பெலும்பிலும் தொடங்கி மேற்கை எலும்பில் முடிகிறது. கரைவலைக் கயிற்றைக் கையால் இழுக்கும்போது கை உடம்பை நோக்கி வருகிறது. தென்னையில் ஏறும்போது கை மரத்தைப் பிடித்தபடி நிற்க, உடம்பு கையை நோக்கி மேலே போகிறது. தசை ஒன்றேதான். எது அசையும் என்பது எந்தப் பக்கம் பிடிப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

விரலை அசைக்கும் தசைகள் விரலுக்குள் இருக்கின்றன என்றும் பலர் நினைக்கிறார்கள். இல்லை, அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன, விரலுக்கு வருவது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மட்டுமே. இதைப் பார்க்க ஒரு கோழிப்பாதம் போதும். வெட்டிய முனையில் வெள்ளை நாண்கள் தெரியும். பின்பக்கத்து நாணைக் குறட்டால் பிடித்து இழுத்தால் விரல்கள் மடங்கும், முன்பக்கத்து நாணை இழுத்தால் விரியும். எந்த வரைபடமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

திருகோணமலைப் பிரட்றிக் கோட்டைக்குள் திரியும் மான்களையும் கொஞ்சம் பாருங்கள். பின்காலில் பின்னோக்கி மடிகிற இடத்தை முழங்கால் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது குதிகால். நம் கெண்டைக்கால் தசையின் நாண் குதியெலும்பில் வந்து சேர்வது போலவே அங்கேயும் சேர்கிறது. மானின் உண்மையான முழங்கால் வயிற்றோரம் இருக்கிறது.

தசை உழைத்தால் குறுகியே ஆகவேண்டும் என்பது இன்னொரு பிழையான எண்ணம். கோணேசர் கோயிலிலிருந்து இறங்கி வரும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. இல்லாவிட்டால் முழங்கால் மடிந்து விழுவோம். பழக்கமில்லாதவர்களுக்கு இப்படி இறங்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை வலிக்கும். லக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்று ஜிம்களில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அமிலம் ஓரிரு மணித்தியாலத்துக்குள் அகன்றுவிடும். மறுநாள் வலிக்குக் காரணம் பெரும்பாலும் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைத் தொடரும் அழற்சியும்தான்.

எல்லாத் தசையும் எலும்புக்கு எலும்பு ஓடுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முகத்தசைகள் பல தோலில் முடிகின்றன. சிரிப்பு அப்படித்தான் வருகிறது.

பரீட்சையில் படம் கீறும்போது தசைநாணை மூட்டுக்கு மேலேயே நிறுத்திவிடாதீர்கள். மூட்டைத் தாண்டி அடுத்த எலும்பைத் தொடாத தசையால் அந்த மூட்டை அசைக்க முடியாது.