ஜப்பானிய ஸ்டெயின்லெஸ் கத்தி: வாங்கியவர்கள் அதிகம் செய்யும் தவறுகள்

கைவினை ஜப்பானியக் கத்தியில் ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருந்தால் பலருக்கு அதோடு கவலை விட்டுவிடுகிறது. எவர்சில்வர் கரண்டி, தூக்கு வரிசையில் அதையும் சேர்த்துவிடுகிறார்கள். சிங்க்கில் ஊறுகிறது, நண்டு ஓட்டை உடைக்கிறது, வேண்டுமானால் டப்பா மூடியைக்கூட நெம்புகிறது. கொஞ்ச நாளில் விளிம்பெல்லாம் சில்லு சில்லாகப் பெயர்ந்ததும் "இவ்வளவு விலை கொடுத்தும் இப்படியா" என்று புலம்பல்.

எவர்சில்வரும் இந்தக் கத்தியும் குரோமியம் கலந்த எஃகுதான். ஆனால் பாத்திரம் செய்யும் 304 ரகத்தில் கார்பன் 0.08 சதவீதத்தைத் தாண்டாது. ஜப்பானியக் கத்திகளில் அதிகம் காணும் விஜி-10 எஃகிலோ கார்பன் சுமார் 1 சதவீதம், குரோமியம் சுமார் 15 சதவீதம், கூடவே கொஞ்சம் கோபால்ட், மாலிப்டினம், வெனேடியம். அந்தக் கார்பன்தான் எஃகைக் கடினமாக்குகிறது. கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் வழக்கமான ஜெர்மன் சமையலறைக் கத்தி 55 முதல் 57 வரை நிற்கும். விஜி-10 கத்தி 60, 61. எண்ணில் சின்ன வித்தியாசம்தான், கையில் பெரிய வித்தியாசம். இவ்வளவு கடினமாக இருப்பதால் விளிம்பைப் பக்கத்துக்கு 15 டிகிரி, அதற்கும் குறைவாகக்கூடத் தீட்டி மெலிசாக்க முடிகிறது. மேற்கத்தியக் கத்திகளில் 20 டிகிரி பக்கம் வரும். மென்மையான எஃகு அடிபட்டால் மடங்கும், திருப்பித் தேய்த்தால் நிமிரும். இது மடங்காது, உடையும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருபவை.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது: அலையலையான வரிகளைப் பார்த்து வாங்குவது. டமாஸ்கஸ் என்று விற்கப்படும் அந்த வரிகளுக்கும் வெட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் ஒரு கடின எஃகு, இரண்டு பக்கமும் மென்மையான எஃகுப் போர்வை, இதுதான் அமைப்பு. வெட்டுவது நடு எஃகு மட்டும். வரிகள் போர்வையில் இருப்பவை. அழகாகத்தான் இருக்கின்றன, பிடித்தால் வாங்கலாம். ஆனால் ஒரே நடு எஃகு, ஒரே பட்டறை என்றால் வரியில்லாத கத்தி குறைந்த விலையில் அதே மாதிரி வெட்டும். நான் வரிக்குக் காசு கொடுக்க மாட்டேன்.

அதிலும் போலி உண்டு. சாதாரணத் தகட்டின்மேல் லேசரால் வரிகளைப் பொறித்து விற்கிறார்கள். கத்தியைச் சாய்த்து வெளிச்சத்தில் விளிம்பை ஒட்டிப் பாருங்கள். நிஜமான அடுக்குக் கத்தியில் வரிகள் விளிம்புக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். அங்கே ஒரு நெளிந்த எல்லைக்கோடு, அதற்குக் கீழே வெறும் எஃகு பளிச்சென்று தெரியும். முதுகுப் பக்கமும் அடுக்குகள் மெல்லிய கோடுகளாகத் தொடரும். போலியில் வரிகள் விளிம்பு வரை ஓடும், முதுகு மொழுமொழுவென்று இருக்கும். நடு எஃகே இல்லாமல் முழுக்க அடுக்காலான நிஜக் கத்திகளும் உண்டு. ஆனால் அவற்றின் விலை வேறு, மலிவு விலைக்கு வராது.

கைவினை என்ற சொல்லையும் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கொல்லர் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து தானே செய்கிறார் என்று நினைக்கத் தேவையில்லை. விஜி-10 எஃகைச் செய்வது ஃபுகுய் மாகாணத்து எச்சிசென் பகுதியில் இருக்கும் தகெஃபு ஸ்பெஷல் ஸ்டீல் நிறுவனம். போர்வையும் நடு எஃகும் ஏற்கெனவே ஒட்டிய தகடாகவே கொல்லர்களுக்குக் கிடைக்கிறது. அதைக் காய்ச்சி, சம்மட்டியில் அடித்து, வடிவம் கொடுத்து, பதம் ஏற்றி, தீட்டுவதுதான் அவர் கைவேலை. ஸ்டெயின்லெஸ் எஃகைச் சரியான சூட்டில் அடிப்பது கார்பன் எஃகைவிடக் கஷ்டம், அதனால் அந்த வேலைக்கு மதிப்பு உண்டுதான். ஒசாகாவை அடுத்த சாகாயில் வேலையையே பிரித்துக்கொள்கிறார்கள்: அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், கைப்பிடி போடுபவர் இன்னொருவர். கிஃபு மாகாணத்து செகியில் தகட்டை அச்சில் வெட்டிச் செய்யும் தொழிற்சாலைக் கத்திகள் நிறைய, அவற்றிலும் அருமையானவை இருக்கின்றன. ஆக, "கையால் செய்ததா" என்பதற்கு முன் கேட்க வேண்டியது "நடு எஃகு எது, எந்த ஊர், யார் பட்டறை". விஜி-10, ஜின்சான், ஏயூஎஸ்-10, எஸ்ஜி2 என்று ஒரு பெயர் வர வேண்டும். "ஹை கார்பன் ஜப்பானிய ஸ்டீல்" என்று மட்டும் போட்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள். 'ஜப்பானிய பாணி' என்று இணையத்தில் மலிவாக வரும் கத்திகளில் பல சீனாவின் யாங்ஜியாங் ஊரில் செய்தவை. அந்த விலைக்கு மோசமில்லை, ஜப்பான் விலை கொடுத்தால்தான் ஏமாற்றம்.

வடிவத்திலும் சறுக்குகிறார்கள். சுஷிக் கடை வீடியோ பார்த்துவிட்டு நீளமான யனாகிபா வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய, பச்சை மீனைச் சீவும் கத்தி. அதில் கேரட்டை வெட்டினால் கத்தி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வலக்கைக்காரருக்கென்று செய்ததை இடக்கைக்காரர் பிடித்தால் இன்னும் வேடிக்கை. முதல் கத்தி எல்லா வேலைக்கும் ஆகும் சான்டோக்குவாக இருக்கட்டும், 165 அல்லது 180 மில்லிமீட்டர். காய்கறி மட்டும் என்றால் நகிரி. கறியும் நிறைய வெட்டுகிற வீடு என்றால் 210 மில்லிமீட்டர் கியூட்டோ.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. எலும்பு, நண்டு ஓடு, தேங்காய், கருப்பட்டி, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறி, இவை எதையும் இந்தக் கத்தி தொடக்கூடாது. இது பலருக்குத் தெரியும். தெரியாதது பக்கவாட்டு விசை. பூசணிக்காயில் கத்தி பாதியில் சிக்கியதும் கை தானாகவே கைப்பிடியைத் திருகும், அப்படித்தான் பெரும்பாலான விளிம்புகள் போகின்றன. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஒரே கோடாக ஓட வேண்டிய விளிம்பில் அரை மில்லிமீட்டருக்குப் பிறை மாதிரி ஒரு பள்ளம் மினுங்கும். விரல் நகத்தை விளிம்பு நெடுக மெதுவாக ஓட்டினால் அந்த இடத்தில் தட்டும். சிக்கினால் திருகாமல், வந்த வழியே நேராகப் பின்னால் இழுங்கள். அதேபோல் நறுக்கிய வெங்காயத்தை விளிம்பால் பலகையில் வழித்துத் தள்ளும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளினால் போதும். கொத்துமல்லியை ஊஞ்சலாட்டி ஆட்டி நறுக்குவதும் விளிம்பைப் பலகையில் அழுத்தித் திருப்பும் வேலைதான். முன்னால் தள்ளி வெட்டிப் பழகுங்கள், இந்தக் கத்திக்கு அது போதும்.

காயைக் கையில் வைத்துக்கொண்டு கட்டைவிரலை நோக்கி நறுக்கும் நம் வீட்டுப் பழக்கத்தை மட்டும் இதனிடம் காட்டவே கூடாது. பழைய கத்தி கட்டைவிரலில் வந்து நிற்கும். இது நிற்காது.

பலகை விஷயம் சுருக்கமானது. கண்ணாடி, கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு மூன்றும் விளிம்புக்கு எமன். ஜப்பானில் ஹினோக்கி மரப் பலகை விரும்புவார்கள், நமக்கு எந்த மிதமான மரமும் சரி, பிளாஸ்டிக்கும் சரி. மூங்கில் பலகை பார்க்க மரம்போல இருந்தாலும் கடினம், அதை விட்டுவிடலாம்.

கழுவுவதில்தான் ஸ்டெயின்லெஸ் என்ற பெயர் ஆளைக் கவிழ்க்கிறது. துருவைத் தடுப்பது எஃகின்மேல் தானாகவே படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். ஆனால் கத்தி எஃகில் இருக்கும் குரோமியம் முழுவதும் அந்த வேலைக்கு வருவதில்லை, ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிடுகிறது. அதனால் 15 சதவீதம் என்று காகிதத்தில் இருந்தாலும் தாங்கும் சக்தி அதைவிடக் குறைவு. உப்பு இந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். உப்பும் புளியும் பட்ட கத்தியை ராத்திரி முழுக்க ஈரத்தோடு விட்டுப் பாருங்கள், காலையில் குண்டூசி முனை அளவில் கருப்புப் புள்ளிகள் வரலாம். மேலே தேய்த்தால் நிறம் போகும், பள்ளம் போகாது. ப்ளீச்சிங் கலந்த திரவமும் இதே வேலையைச் செய்யும். இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள்கள் கத்தியில் ஒட்டி அவையே துருப்பிடிக்கும், நாம் கத்தியைத் திட்டுவோம். வெட்டி முடித்ததும் மென்மையான ஸ்பாஞ்சில் சோப்புத் தண்ணீர், உடனே துணி, அவ்வளவுதான்.

டிஷ்வாஷர் வேண்டவே வேண்டாம். சூடு, காரமான சோப்பு, கூடவே மற்ற பாத்திரங்களோடு இடி. கைப்பிடி ஹோ என்கிற மக்னோலியா மரம் என்றால் ஊறி, காய்ந்து, பிளந்துகொள்ளும். கரண்டி டிராயரில் போட்டு வைப்பதும் அதே இடிதான். மர உறையோ காந்தப் பட்டையோ நல்லது. பட்டையில் வைக்கும்போது முதுகு முதலில் ஒட்டட்டும், எடுக்கும்போது விளிம்பு முதலில் பிரியட்டும்.

இனி தீட்டுவது. தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதுதான் இதில் பெரிய இழப்பு. அவர் கைத்திறமையில் குறையில்லை. அருவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அந்தச் சக்கரம் சரி. இவ்வளவு மெல்லிய விளிம்பு தண்ணீரில்லாத சக்கரத்தில் நொடியில் சூடேறும், பதம் இறங்கும். விளிம்பு நீலம் பாரித்தால் அந்த இடத்தில் பழைய எஃகு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். கத்தியை இடுக்கில் வைத்து இழுக்கும் சின்னச் சாதனங்களும் ஆகாது, கடின எஃகைச் சீவாமல் பிய்த்தெடுக்கும். கறிக்கடையில் காணும் வரிபோட்ட எஃகுக் கம்பி மென்மையான கத்திக்கானது.

வேண்டியது ஒரு 1000 எண் தண்ணீர்க்கல், அதாவது நனைத்துத் தீட்டும் கல்; எண் கூடக்கூடக் கல் நைசாகும். விருப்பம் இருந்தால் மேலே 3000 அல்லது 6000. சில்லு பெயர்ந்தால் 400. பலர் 6000 எண் கல்லை மட்டும் வாங்கி மழுங்கிய கத்தியை மணிக்கணக்கில் தேய்க்கிறார்கள். அது பளபளப்பாக்கும், கூராக்காது. கோணம் பிடிபடவில்லை என்று பயப்பட வேண்டாம்: 45 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தூக்கினால் 15 டிகிரி. அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி முதலில் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளலாம்.

ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க, மறுபக்க விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு எழும்பும். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே மெதுவாக வழித்தால் சொரசொரவென்று தட்டும். நுனியிலிருந்து அடி வரை அது தட்டிய பிறகுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். பாதியில் திருப்புவதால்தான் "எவ்வளவு தீட்டியும் நடுவில் வெட்டவில்லை" என்கிற நிலை. விஜி-10-ல் இன்னொரு தொல்லை, அந்தப் பிசிறு லேசில் விடாது. தீட்டியதும் செய்தித்தாளைச் சர்ரென்று கிழிக்கிறது, இரண்டு நாளில் தக்காளியில் வழுக்குகிறது என்றால் வெட்டியது விளிம்பு அல்ல, பிசிறு. அது மடிந்ததும் கூர் போய்விட்டது. கடைசியில் கத்தியின் எடையைவிட அதிகம் அழுத்தாமல், பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி இழுத்து, பிறகு செய்தித்தாளிலோ தோல் பட்டையிலோ பின்னோக்கி வழித்து எடுங்கள். கல் நடுவில் குழி விழுந்திருந்தால் இதெல்லாம் வீண், முதலில் கல்லைச் சமப்படுத்த வேண்டும்.

வருடக்கணக்கில் ஒழுங்காகத் தீட்டியவர்களுக்கும் ஒரு கட்டத்தில் சந்தேகம் வரும்: கூர் இருக்கிறது, காகிதத்தை வெட்டுகிறது, ஆனால் கேரட்டை வெட்டாமல் படக்கென்று பிளக்கிறது. விளிம்பு தேய்ந்து தேய்ந்து கத்தியின் தடித்த பகுதிக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். இன்னும் கூராக்குவதால் பயனில்லை. விளிம்புக்கு மேலே இருக்கும் இரண்டு பக்கங்களையும் கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, 400 எண் கல்லில் தேய்த்து மெலிசாக்க வேண்டும். பக்கங்களில் கீறல் விழும், பளபளப்பு போகும், பரவாயில்லை. கைவராது என்று தோன்றினால் தண்ணீர்க்கல்லில் வேலை செய்பவரைத் தேடிக் கொடுங்கள். கொடுக்கும்போது "கூராக்குங்கள்" என்று மட்டும் சொன்னால் விளிம்பை மட்டும் தீட்டித் தந்துவிடுவார், "பக்கத்தை மெலிசாக்கித் தாருங்கள்" என்று தனியாகக் கேட்க வேண்டும்.