பம்பரில் வின்ச் பொருத்துவது எப்படி

தார், ஜிம்னி போன்ற வாகனங்களை மலைப்பாதைக்கும் சேற்றுக்கும் கொண்டு போகிறவர்கள் முன்பக்கத்தில் வின்ச் (மின்மோட்டாரால் கயிற்றைச் சுற்றி, சிக்கிய வாகனத்தை இழுக்கும் கருவி) பொருத்த நினைக்கும்போது எந்த வின்ச் வாங்கலாம் என்றுதான் விசாரிக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அந்த வின்ச் எதன்மேல் உட்காரப் போகிறது என்பது. வாகனத்தோடு வரும் பிளாஸ்டிக் பம்பர் பல டன் இழுவிசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. வின்ச்சுக்கென்றே வடிவமைத்த எஃகு பம்பரோ, பழைய பம்பருக்குப் பின்னால் மறைவாக அமரும் வின்ச் தட்டோ வேண்டும். இரண்டில் எதுவானாலும், அது வாகனத்தின் அடிச்சட்டமான சேசிஸின் இரண்டு நீள்சட்டங்களிலும் போல்ட்டால் பூட்டப்பட்டு, இழுவிசை முழுவதையும் நேராக அங்கே கொண்டு சேர்ப்பதாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பம்பருக்கு முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு, புல் பார் போன்ற உலோகத் தடுப்புகளைப் பொருத்துவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. எஃகு பம்பரும் அதே கண்ணோடு பார்க்கப்படலாம் என்பதால், வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுவது நல்லது. ஏர்பேக் உள்ள வாகனத்தில் அதன் மோதல் உணரிகள் மறைக்கப்படவோ இடம் மாற்றப்படவோ கூடாது. நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. என் கருத்தில், சாலையிலும் தினமும் ஓடும் வாகனத்துக்கு மறைவான தட்டே பொருத்தம்.

வின்ச்சின் திறன், வாகனத்தின் சுமையோடு கூடிய மொத்த எடையைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். மொத்த எடை 2,200 கிலோ என்றால் 3,300 கிலோ தேவை. ஆகவே ஏறத்தாழ 3,630 கிலோ இழுக்கும் 8,000 பவுண்ட் வின்ச் போதும், 9,500 பவுண்ட் இருந்தால் தாராளம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் திறன், கயிறு சுற்றும் உருளையான டிரம்மின் அடியடுக்குக் கயிற்றுக்கு மட்டுமே உரியது. மேலடுக்குக்குப் போகப் போக இழுவிசை குறைந்து, கடைசி அடுக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதற்காக ஜிம்னியில் 12,000 பவுண்ட் வின்ச்சை ஏற்றுவது வீண்வேலை. முன் ஸ்பிரிங் அமுங்கி வாகனம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். எஃகுக் கம்பிக்குப் பதில் செயற்கை இழைக் கயிறு போட்டால் எடை கணிசமாகக் குறையும்.

பல பம்பர்களில் வின்ச்சை முதலில் பம்பருக்குள் பூட்டிவிட்டுத்தான் இரண்டையும் சேர்த்து வாகனத்தில் ஏற்ற முடியும். எனவே போல்ட் எதையும் முறுக்குவதற்கு முன், வின்ச்சை உள்ளே வைத்து, டிரம்மை மோட்டாரிலிருந்து விடுவிக்கும் கிளட்ச் லீவர் கைக்கு எட்டுகிறதா, முழுதாகத் திரும்புகிறதா, மின்முனைகள் தகட்டில் உரசுகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். லீவர் தட்டினால், பெரும்பாலான வின்ச்களில் கியர் பெட்டியின் போல்ட்களைக் கழற்றி அதைத் திருப்பி வைக்கலாம்.

8,000 முதல் 12,000 பவுண்ட் வரையிலான வின்ச்கள் பெரும்பாலும் நான்கு போல்ட்களில் நிற்கும். துளைகளின் இடைவெளி 254 மி.மீ.க்கு 114 மி.மீ. வின்ச்சின் பாதத்திலுள்ள பள்ளத்தில் சதுர நட்டுகளைச் செருகி, தட்டின் பக்கமிருந்து போல்ட்டை ஏற்ற வேண்டும். இங்கே கவனம் தேவை: போல்ட் நீளமாக இருந்தால் அதன் முனை பள்ளத்தின் அடியில் போய் முட்டிக்கொள்ளும், ஸ்பேனருக்கு இறுகியது போலத் தெரியும், தட்டுக்கும் வின்ச்சுக்கும் இடையே பிடிப்பே இருக்காது. குட்டையாக இருந்தால் நட்டின் மரைகள் முழுதாகப் பிடிக்காது. வின்ச்சோடு வந்த போல்ட்களையே பயன்படுத்துவதும், தட்டு தடிமனாக இருந்தால் அதற்கேற்ற நீளத்தில், தலையில் 8.8 என்ற வலிமைக் குறி பொறித்த போல்ட்டை வாங்குவதும் சரி. நான்கையும் கையால் ஏற்றி, டிரம் நேராக நிற்பதைப் பார்த்தபின், குறுக்குமறுக்காக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும்.

கயிறு வெளியே வரும் வழிகாட்டியான ஃபேர்லீட், டிரம்முக்கு நேர் எதிரே அமைய வேண்டும். கம்பிக்கு ரோலர், இழைக் கயிற்றுக்கு வழவழப்பான அலுமினிய ஹாஸ் (உருளையில்லாத, துளையுள்ள தட்டு) என்பது வழக்கம். கம்பி தேய்த்துக் கீறிய பழைய ரோலரில் இழைக் கயிற்றை ஓட்டினால் அது பிசிறு பிசிறாகிவிடும்.

மின்னிணைப்பைத் தொடுமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். முழுச்சுமையில் 9,500 பவுண்ட் வின்ச் 400 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் என்பதால், அதனோடு வந்த கனத்த கேபிள்களை மெலிந்தவற்றால் நீட்டக் கூடாது; நெகட்டிவ் கேபிளைச் சேசிஸில் எங்காவது பூட்டாமல், கையேட்டில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றிப் பேட்டரி வரை கொண்டு போக வேண்டும். கேபிள்கள் புகைபோக்கிக் குழாய், ஃபேன், பெல்ட், தகட்டின் கூர்விளிம்பு ஆகியவற்றிலிருந்து விலகி, உறைக்குள் செல்ல வேண்டும். பாசிட்டிவ் கேபிளில் பேட்டரிக்கு அருகே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் சுவிட்சை வைத்து, வின்ச் வேலை செய்யாத நேரங்களில் அதை அணைத்தே வைக்க வேண்டும்.

ரிமோட்டை நொடிப்பொழுது அழுத்தி டிரம் சுழலும் திசையைப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைச் சுற்ற வேண்டும். டிரம்மில் குறித்திருக்கும் திசைக்கு மாறாகச் சுற்றிவிட்டால், பல வின்ச்களில் தானியங்கி பிரேக் சுமையைப் பிடிக்காது. கயிற்று முனையைப் பிடித்திருக்கும் சிறு திருகு சுமை தாங்குவதற்கானதன்று. டிரம்மோடு உரசி நிற்கும் சுற்றுகளே அதைத் தாங்குகின்றன. ஆகவே கம்பியாக இருந்தால் ஐந்து சுற்றும், இழைக் கயிறாக இருந்தால் எட்டு முதல் பத்துச் சுற்றும் எப்போதும் டிரம்மில் மிஞ்ச வேண்டும்.

புதிய கயிற்றைக் கையால் இழுத்துப் பிடித்துச் சுற்றினால் அது தளர்வாகவே அமையும். பிறகு சுமை ஏறும்போது மேலடுக்கு கீழடுக்குக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். இலேசான மேட்டில், மரத்தில் அகலப் பட்டையைச் சுற்றி அதில் கொக்கியை மாட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கை மெல்லத் தொட்டபடி வாகனத்தையே வின்ச்சால் இழுக்க விட்டால் சுற்றுகள் நெருக்கமாகப் படியும். கயிறு நிற்கும் கோட்டில் எவரும் நிற்கக் கூடாது. கம்பியைத் தோல் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கொக்கி ஃபேர்லீட்டை நெருங்கும் கடைசி ஒரு மீட்டரில் பொத்தானை விட்டுவிட்டுத் தட்டித் தட்டித்தான் இழுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்து தட்டு வரை பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், முதல் கடும் இழுவைக்குப் பிறகு எது தளர்ந்தது என்பது குனிந்து பார்த்தாலே தெரியும். கோடு விலகியிருந்தால் டார்க் ரென்ச்சை மீண்டும் எடுக்க வேண்டியதுதான்.