மார்பில் கட்டி என்றால் அயோடினா? நாம் செய்யும் சில தவறுகள்

மார்பில் வலிக்கிறது, ஏதோ தட்டுப்படுகிறது என்று ஒரு பெண் சொன்னால், "அயோடின் குறைச்சலாக இருக்கும், கடல்பாசி மாத்திரை சாப்பிட்டுப் பார்" என்று சொல்ல இப்போது யாராவது இருக்கிறார்கள். என் சித்தியும் அதைக் கேட்டு இரண்டு மாதம் டாக்டரிடம் போகாமல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேனில் அது சாதாரண நீர்க்கட்டி என்றுதான் வந்தது. ஆனாலும் அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. மாதவிடாய் முடிந்தும் கரையாத கட்டி, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு, தோல் உள்ளே இழுத்துக்கொள்வது: இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அயோடினுக்கும் மார்பகத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. பால் சுரக்கும் காலத்தில் மார்பகமும் தைராய்டைப் போலவே ரத்தத்திலிருந்து அயோடினை இழுத்துக்கொள்கிறது. குழந்தைக்கு அது தாய்ப்பாலில் போய்ச் சேர்கிறது. அயோடின் இல்லாத தீனி கொடுத்து வளர்த்த எலிகளின் மார்பகத் திசு மாறியிருக்கிறது. மாதவிடாய்க்கு முன் வரும் மார்பு வலி அயோடினால் சிலருக்குக் குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. மார்பகப் புற்றுநோயை அது தடுக்கும் என்பது மட்டும் நிரூபணமாகவில்லை. ஜப்பான் பெண்கள் கடல்பாசி சாப்பிடுகிறார்களே என்பார்கள். அவர்களுடைய மற்ற சாப்பாடு, உடல் எடை எல்லாமே வேறு. பாசியை மட்டும் தனியாகப் பிரித்துக் காரணம் சொல்ல முடியாது.

அடுத்த தவறு அளவில். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்குத் தேவை 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250. இணையத்தில் பலர் சிபாரிசு செய்யும் 5 சதவீத லூகால் கரைசலில் (அயோடின் கரைத்த மருந்து நீர்) ஒரே ஒரு சொட்டில் சுமார் 6 மில்லிகிராம் (6,000 மைக்ரோகிராம்) இருக்கிறது, அதாவது நாற்பது நாள் தேவை. கடல்பாசி மாத்திரையிலோ அளவு ரகத்துக்கு ரகம் மாறும். அயோடின் மிஞ்சினாலும் தைராய்டு கெடும். சிலருக்கு மந்தமாகும், சிலருக்கு வேகம் பிடிக்கும்.

மாதவிடாய் தள்ளிப் போகிறது, எடை ஏறுகிறது, முடி கொட்டுகிறது என்றதும் அயோடின் குறைவு என்று முடிவு கட்டுவதும் தவறுதான். தைராய்டு மந்தமானால் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறி மாதவிடாய் தவறலாம், சிலருக்கு மார்பில் பால்கூடக் கசியலாம். ஆனால் அயோடின் உப்பு பழகிய ஊர்களில் தைராய்டு மந்தமாவதற்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்பு சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குவது. அப்படிப்பட்டவர்கள் அயோடினை அள்ளிப் போட்டால் நிலைமை மோசமாகலாம். தைராய்டு மந்தமா என்பது டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

சரி, சமையலறைக்கு வருவோம். கடல் உப்பில் அயோடின் இயற்கையாகவே இருக்கும் என்று நம்புகிறோம். உப்பளத்தில் விளையும் உப்பில் அது மிகச் சொற்பம். பொட்டாசியம் அயோடேட் கலந்தால்தான் உண்டு. இந்துப்பும் அப்படித்தான். கல் உப்பே பிடிக்கும் என்றால் பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று பார்த்து வாங்கலாம். சட்டப்படி கடையில் விற்கும் உப்பில் குறைந்தது 15 பிபிஎம் (ஒரு கிராம் உப்புக்கு 15 மைக்ரோகிராம்) இருக்க வேண்டும். 15 என்றே வைத்தாலும் 5 கிராம் உப்பில் 75 மைக்ரோகிராம் கிடைக்கும். மீதிக்கு மீன், முட்டை, பால் இருக்கின்றன. அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டாம்.

சித்தி வீட்டில் அடுப்பை ஒட்டியே மூடியில்லாத பீங்கான் ஜாடி, அடியில் எப்போதும் ஈரம் கசிந்திருக்கும். உள்ளே அயோடின் கலக்காத கல் உப்பு. கலந்ததை வாங்கிக் கொடுத்தபோது, அழுக்கு போகட்டும் என்று இரண்டு தண்ணீரில் அலசியே ஜாடியில் போட்டார். அலசினால் அயோடின் தண்ணீரோடு போய்விடும் என்று சொன்னதும் கை நின்றது. ஈரத்திலும் சூட்டிலும் அயோடின் குறையும் என்பதால், இப்போது ஜாடி மூடியோடு அடுப்புக்குத் தள்ளி அலமாரியில் இருக்கிறது. குழம்பு இறக்கும் நேரத்தில்தான் உப்பு போடுகிறார்.