கிளார்க்கை மறுபடி கையில் எடுக்கும்போது

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் எனக்குச் சரிப்பட மாட்டார் என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்லூரி நாளில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய 'ராமா 2' நூறு பக்கம்கூடத் தாண்டவில்லை. அட்டையில் ஜென்ட்ரி லீ என்று இன்னொரு பெயரும் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. 1989இல் வந்த அந்த நாவலில் எழுத்து வேலை பெரும்பாலும் லீயுடையது. கிளார்க் தனியாக எழுதிய முதல் பாகம் 'ராண்டேவூ வித் ராமா' 1973இலேயே வந்துவிட்டது. யார் எழுதியது என்று பார்க்காமலே தீர்ப்புச் சொன்னது என் தவறு.

அடுத்த தவறு, அவரிடம் பாத்திரங்களைத் தேடுவது. பாத்திரங்களில் உயிர் இல்லை என்ற புகார் சரிதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அந்த முதல் ராமாவில் கதாநாயகன் ராமா என்ற விண்கலம்தான். ஐம்பது கிலோமீட்டர் நீள உருளை. உள்சுவரைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி ஒரு கடல். கலத்தின் ஒரு முனையை வடக்கு, மறுமுனையைத் தெற்கு என்று வைத்துக்கொண்டால், கடலின் வடகரை 50 மீட்டர் உயரம், தென்கரை 500 மீட்டர். ஏன் இந்த வித்தியாசம்? தண்ணீர்க் குடத்தோடு பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும், வண்டி கிளம்பும்போது தண்ணீர் பின்பக்கமாகத்தான் அலம்பும். அப்படியானால் இந்தக் கலம் வேகம் எடுக்கக்கூடியது, அதுவும் வடக்கு முகமாக! ஒரு கரையின் உயரத்தை வைத்தே, கலத்துக்குள் நுழைந்து ஆராய்பவர்கள் இவ்வளவையும் ஊகிக்கிறார்கள். இந்த ஊகத்தில் ருசி தட்டாவிட்டால் கிளார்க்கை விட்டுவிடலாம், பரவாயில்லை.

விட்ட புத்தகத்தை விட்ட பக்கத்திலிருந்தே தொடர்வதும் வேண்டாம், பழைய எரிச்சல் அங்கேயே காத்திருக்கும். சிறுகதையிலிருந்து தொடங்குங்கள். 1955இல் வந்த 'தி ஸ்டார்' சில பக்கம்தான். வெடித்து அழிந்த ஒரு நட்சத்திரத்தை ஆராய்ந்துவிட்டுத் திரும்பும் கலத்தில், வானியல் அறிஞரான ஒரு பாதிரியார் தன் விசுவாசத்தோடு மல்லுக்கட்டுகிறார். முடிவை இணையத்தில் தேடிப் பார்த்துவிடாதீர்கள், கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

1968இல் வந்த '2001' படத்தைப் பார்த்துக் குழம்பியவர்கள் அதே பெயரில் கிளார்க் எழுதிய நாவலையும் ஒதுக்கிவிடுகிறார்கள். படம் சொல்லாமல் விட்டதை நாவல் பொறுமையாக விளக்குகிறது.

அப்புறம் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்'. 1956 முதல் 2008இல் இறக்கும்வரை கிளார்க்குக்கு வீடு இலங்கைதான். 1979இல் வந்த இந்த நாவலில் இலங்கையை வைத்தே உருவாக்கிய தப்ரபேன் என்ற தீவு வருகிறது. இலங்கையைத் தெரிந்தவர்கள் உடனே வரைபடத்தை விரித்துக் குற்றம் கண்டுபிடிக்கக் கிளம்புவார்கள். சிகிரியா இங்கே யக்ககல, சிவனொளிபாதமலை ஸ்ரீகண்ட. தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளி, மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கியிருக்கிறார். முன்குறிப்பில் அவரே அதை ஒப்புக்கொள்கிறார். கதை, தரையிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் கட்டுவது பற்றியது. பூமியோடு சேர்ந்தே சுற்றி, ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாக வேண்டும். அப்படி ஒரு செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் லிஃப்டின் அடியும் அந்தக் கோட்டில்தான் ஊன்ற வேண்டும், அதனால்தான் தீவு நகர்ந்தது.

ஆரம்பத்தில் பழைய அரசன் காளிதாசனின் அத்தியாயங்கள் குறுக்கே வந்து கொஞ்சம் இழுக்கும். பொறியாளர் மார்கன் மலை உச்சி மடத்துக்குப் போகும் இடம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். லிஃப்டை ஊன்ற அவருக்கு அந்த உச்சிதான் வேண்டும். பிக்குகளோ தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். அதுவரை படித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், சரி, மூடி வையுங்கள்.