வரைவது சரி, அது எங்கே போய் உட்காரும்? சேலத்து இளம் ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் நன்றாக வரையும் பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு டேப்லெட் வாங்கி, இன்ஸ்டாவில் பக்கம் ஆரம்பித்து, லோகோ, அழைப்பிதழ், போர்ட்ரெய்ட் எல்லாம் செய்து தரப்படும் என்று போட்டுவிடுகிறார்கள். கை நன்றாகத்தான் இருக்கிறது. சறுக்குவது வேறு இடத்தில்: இந்தப் படம் கடைசியில் எதன் மேல் போய் உட்காரப்போகிறது என்று கேட்காமலே வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள்.

லோகோவை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுக் கடைக்காரர் லோகோ கேட்கிறார் என்றால் அது போர்டில் மட்டும் வராது, நகைப்பெட்டி மூடியில் தங்க ஃபாயிலில் வரும், துணிப்பையில் வரும், பில்லில் வரும், ரப்பர் ஸ்டாம்பில்கூட வரும். நீங்களோ கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறுவது), அதற்கு ஒரு நிழல், முடி மாதிரிக் கோட்டில் ஒரு மயில் என்று போட்டு, திரையில் பெரிதாக்கிப் பார்த்து ரசித்துக்கொண்டிருப்பீர்கள். ஃபாயிலில் ஒரே நிறம்தான். மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மயில் போய்க் கறைதான் மிஞ்சும். முதலில் கருப்பு வெள்ளையில், ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் பிரிண்ட் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அங்கே என்னவென்று புரிந்தால் வண்ணத்துக்குப் போகலாம். ஜேபெக் மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள், லோகோ என்றால் வெக்டர்தான், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத ஃபைல்.

வண்ணத்திலும் இதே கதை. திரை ஒளியில் காட்டுகிறது, அச்சு மையில் காட்டுகிறது. திரையின் நிற முறையான ஆர்ஜிபியில் கண்ணைப் பறிக்கும் அந்தப் பளீர் பச்சை, அச்சின் நிற முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாறியதும் வாடிப்போகும், அது பிரஸ்காரர் தப்பு இல்லை. அளவும் அப்படித்தான்: இன்ஸ்டாவுக்குச் செய்த 1080 பிக்சல் படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடித்தால் 9 சென்டிமீட்டர் அகலம்தான் வரும். ஏ4 தாளுக்கே 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும்.

தமிழ் எழுத்து விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். ஆங்கிலத்துக்கு நாள் முழுக்க ஃபாண்ட் தேடுவார்கள், தமிழுக்கு மெஷினில் முதலில் கண்ணில் பட்டதைப் போட்டு முடித்துவிடுவார்கள். ஃபோட்டோஷாப்பில் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்ற அமைப்புக்கு மாற்றாமல் தமிழை ஒட்டினால் சேலத்தின் இரட்டைக்கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் ஃப்ளெக்ஸ் அடித்து நாலு ரோட்டில் கட்டியும் விடுகிறார்கள். பாமினி மாதிரிப் பழைய ஃபாண்டில் செய்து ஃபைலை அப்படியே அனுப்பினால், அந்த ஃபாண்ட் இல்லாத மெஷினில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். ஒன்று, வேறு மெஷினிலும் தமிழாகவே திறக்கும் யூனிகோடில் செய்யுங்கள், இல்லையென்றால் அனுப்பும் முன் எழுத்தை கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். கத்தமரான், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வியாபார வேலைக்கே பயன்படுத்தலாம். திருட்டு ஃபாண்ட் தேவையே இல்லை.

அப்புறம் இந்த ஏற்காடு. வரையச் சொன்னால் ஏரி, படகு, பனிமூட்டம், பகோடா பாயின்ட். டூரிஸ்ட் போனில் இருக்கும் அதே படத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? காபித் தோட்டத்துக்குள் கொஞ்சம் நின்று பாருங்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். கீழே காபிச் செடியில் கணுவுக்குக் கணு பழம் கொத்தாக ஒட்டியிருக்கும், ஒரே கொத்தில் பச்சையும் இருக்கும், சிவப்பும் இருக்கும். அங்கே காபித்தூள் பாக்கெட் போட்டு விற்பவருக்கு லேபிளில் வேண்டியது இதுதான்.

புடவை டிசைன் செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் ஒரு தறியைப் பார்த்துவிட்டு வரட்டும். நீங்கள் வளைத்து வளைத்துப் போட்ட பூ அங்கே கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகத்தான் மாறும். தறியில் டிசைனுக்கான நூல்களைத் தூக்கும் கருவிதான் ஜக்கார்டு; அது 240 கொக்கி என்றால் அந்தப் பூவுக்கு அகலத்தில் 240 கட்டம்தான். அது தெரியாமல் வரைந்த டிசைனைப் பார்த்து நெசவாளர் சிரிப்பார், சிரிக்காவிட்டால் இன்னும் மோசம். சேலத்திலேயே 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆனால் அது தொழில்நுட்பப் படிப்பு, ஓவியப் படிப்பு என்று நினைத்துச் சேராதீர்கள். ஓவியம்தான் வேண்டும் என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-ல் ஆரம்பித்தது.

அடுத்து, போர்ட்ஃபோலியோவில், அதாவது தங்கள் வேலைகளைக் காட்டும் தொகுப்பில் கோட்டை விடுகிறார்கள். நடிகர் போட்டோவைப் பார்த்துப் பென்சில் ஷேடிங் செய்த முகங்களாக அடுக்கிக் கொண்டுபோகிறார்கள். அதில் பொறுமை தெரியும், அவ்வளவுதான். போட்டோகிராஃபர் ஏற்கெனவே யோசித்து முடித்ததை நீங்கள் திரும்பச் செய்திருக்கிறீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் அம்மாவின் கையை நேரில் பார்த்துப் போட்ட கோணல்மாணலான ஸ்கெட்ச் அதைவிட அதிகம் பேசும். ஒரு வேலை எப்படி மாறி மாறி வந்தது என்று காட்டும் கிறுக்கல்களையும் சேர்த்து வையுங்கள், சுத்தமான கடைசிப் படத்தை மட்டும் வைக்காதீர்கள்.

காசு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. எத்தனை கரெக்‌ஷன், எப்போது பணம், ஃபைல் யாருக்கு என்பதை வாட்ஸ்அப்பிலாவது முதலிலேயே எழுதிவிடுங்கள், பாதி அட்வான்ஸ் வாங்குங்கள், பார்ட்டி சொந்த மாமாவாக இருந்தாலும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு வரைந்து கொடுத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் கேட்டவர்தான். அதே படத்தை நாளைக்கு டீ-ஷர்ட்டில் போட்டு விற்கலாம் என்று நினைத்தால் அதை முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

கொலுசு மாடல் வரைபவர்களுக்கு இன்னும் ஒன்று. வடிவமைப்புச் சட்டம், 2000-ன் கீழ் பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதியாமல் விட்டு, உங்கள் சம்மதத்தோடு பட்டறையில் தொழில்முறையில் 50-க்கு மேல் அடித்துவிட்டால், அதில் உங்கள் பதிப்புரிமை போய்விடும். பதிந்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன் டிசைன் வெளியே வந்திருக்கக் கூடாது. அதனால் புது மாடல் முடிந்த ராத்திரியே அதை ஸ்டோரியில் போடாதீர்கள்.