என்எஃப்எல் டேட்டாவில் கைவைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு செப்டம்பரிலும் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) சீசன் தொடங்கியதும், புதிதாக டேட்டா பக்கம் வந்தவர்கள் தங்கள் முதல் சார்ட்டை எனக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் அதே சார்ட்தான்: பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிகம் ஓடும் அணி ஜெயிக்கிறது (இந்த ஓட்டத்துக்கு ரன் என்று பெயர், எறிவதற்குப் பாஸ்). நானும் அந்த வழியாக வந்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கோடில் வரும் சில்லறைப் பிழைகள் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விடுங்கள்.

ரன் அதிகம், அதனால் வெற்றி

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். முன்னிலையில் இருக்கும் அணி கடைசிக் குவார்ட்டரில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும். மைதானத்துக்குள் விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், பிடிபடாத பாஸ் அதை நிறுத்திவிடும். பின்தங்கிய அணிக்கு நேரம் கிடையாது, அதனால் எறிந்துகொண்டே இருக்கும். ஆக, ஜெயித்துக்கொண்டிருப்பதால்தான் ரன் கூடுகிறது. போதாததற்கு, கடைசி நிமிடத்தில் குவார்ட்டர்பேக் (பந்தை எறியும் முக்கிய ஆட்டக்காரர்) முழங்கால் போட்டு நேரத்தைக் கரைக்கிறாரே, அதிகாரபூர்வ ஸ்கோர் அட்டையில் அதுவும் ரன்தான். வென்ற அணிக்குச் சும்மா இரண்டு மூன்று ரன் சேர்ந்துவிடும்.

போன சீசனில் ஒரு தம்பி ஆட்ட முடிவைக் கணிக்கும் மாடல் ஒன்றைக் கட்டினான். பழைய ஆட்டங்களில் பிரமாதமாக வேலை செய்தது, வரப்போகும் ஆட்டங்களில் படுத்துவிட்டது. "அண்ணா, எங்கே தப்பு?" என்று கேட்டான். உள்ளே பார்த்தால், முழு ஆட்டத்தின் ரன் எண்ணிக்கையை அப்படியே கொடுத்திருக்கிறான். ஆட்டம் முடிந்த பிறகு தெரியவரும் எண்ணை வைத்து ஆட்டத்தைக் கணித்தால், விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சை எழுதுவதுபோல்தான். முதல் பாதியை மட்டும் எடுத்து மறுபடி போடச் சொன்னேன். ரன் கூடக் கூட வெற்றி கூடும் என்று காட்டிய செங்குத்தான கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. பல வார உழைப்பு வீண்.

ஸ்கோர் எப்படி ஆட்டத்தை வளைக்கும் என்பதற்கு 2017 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப்போட்டி போதும். அட்லாண்டா 28-3 என்று முன்னிலை. நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடி அன்று 62 பாஸ் எறிந்தார், ஓவர்டைமில் 34-28 என்று அவர் அணி ஜெயித்தது. அதைப் பார்த்து 62 பாஸ் எறிந்தால் கோப்பை கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை, ரன் விஷயத்தில் மட்டும் கூசாமல் சொல்கிறோம்.

அணியின் நிஜமான விருப்பம் என்ன என்று தெரிய வேண்டுமா? முதல் இரண்டு டவுன்களை மட்டும் எடுங்கள் (டவுன் என்பது 10 யார்ட் முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), வெற்றி வாய்ப்பு 20-க்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் இருக்கும் ஆட்ட நிலைகளை மட்டும் வையுங்கள், பாதி முடியும் கடைசி 2 நிமிடங்களை வெட்டிவிடுங்கள். இன்னொன்று: என்எஃப்எல் ஃபாஸ்ட்ஆர் (nflfastR என்ற டேட்டா தொகுப்பு) டேட்டாவில் ஆட்ட வகை என்ற பத்தி, பாஸ் எறிய வந்து வழியில்லாமல் ஓடிய குவார்ட்டர்பேக்கையும் ரன் என்றே குறிக்கும். பயிற்சியாளர் கேட்டது பாஸ். அதற்கென்று இருக்கும் தனிப் பாஸ் பத்தியை எடுங்கள், ஸாக்கும் (எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) இந்த ஓட்டமும் அதில் பாஸாகவே சேரும்.

யார்டை எண்ணுவது

மூன்றாவது டவுனில் 8 யார்ட் வேண்டும், 7 யார்ட் கிடைத்தது என்றால் அட்டையில் அழகாக இருக்கும், ஈபிஏ கணக்கில் (எதிர்பார்க்கும் புள்ளியை அந்த முயற்சி எவ்வளவு கூட்டியது, குறைத்தது என்ற அளவு) நஷ்டம். 1 யார்ட் வேண்டிய இடத்தில் 2 எடுத்தால் லாபம்.

ஈபிஏ முழுவதையும் குவார்ட்டர்பேக் கணக்கில் எழுதுவது

வேண்டாம். அவரைக் காக்கும் முன்வரிசையான லைனும், பாஸைப் பிடிக்கும் ரிசீவரும் அதற்குள் இருக்கிறார்கள்.

நூலிழை வெற்றிகளைத் திறமை என்று எடுத்துக்கொள்வது

2022 சீசனை மினசோட்டா அணி 13-4 (13 வெற்றி, 4 தோல்வி) என்று முடித்தது. எடுத்த புள்ளி 424, கொடுத்த புள்ளி 427. 8 புள்ளிக்குள் முடிந்த 11 ஆட்டங்களையும் ஜெயித்திருந்தது. பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே நியூயார்க் ஜயன்ட்ஸிடம் தோற்றது, அடுத்த வருடம் 7-10. அதில் குவார்ட்டர்பேக் கசின்ஸின் காயத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் அதற்கு முன்பே அந்த 11-0 திரும்ப வராது என்று புள்ளி வித்தியாசம் சொல்லிவிட்டது. தரையில் விழுந்த ஃபம்பிளை (கைநழுவிய பந்தை) யார் எடுப்பார்கள் என்பதும் இதே ரகம், பெரும்பாலும் அதிர்ஷ்டம்.

எதிரணியை மறப்பது

டிவிஓஏ (லீக் சராசரியோடு ஒப்பிடும் இன்னொரு அளவு) எதிரணியின் பலத்தைக் கழித்துத் தரும், சாதாரண ஈபிஏ தராது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடாதீர்கள், அதுவும் சீசனில் நாலே ஆட்டம் முடிந்திருக்கும்போது.