ஏழுகல் தோட்டில் வைரத்துக்குப் பதில் என்ன கல்? பதினான்கு குழிகளை நிரப்பிய அனுபவம்

அப்பத்தாவின் ஏழுகல் தோட்டைப் பங்கு வைத்தபோது கல் அக்காவுக்கு, தங்கம் எனக்கு என்று முடிவானது. ஆசாரி வைரங்களை நோண்டி எடுத்து அக்காவிடம் ஒரு பொட்டலமாகவும், மிச்சத்தை என்னிடம் ஒரு பொட்டலமாகவும் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் ஒரு காதுக்கு ஏழாக, பல் போன பாட்டி மாதிரி பதினான்கு குழிகள். உருக்கிக் காசாக்க மனசு வரவில்லை. வைரம் வாங்கி நிரப்ப வசதி இல்லை. ஆறு மாதம் அலைந்து, ஒரு தடவை பணத்தை வீணாக்கி, கடைசியில் சரியாக முடித்தேன். காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் இப்படிக் கல் போன தோடும் பேசரியும் (பல கல் வைத்த மூக்குத்தி) பெட்டியில் தூங்குகின்றன என்பதால் எழுதி வைக்கிறேன். புது நகை வாங்குகிறவர்களுக்கும் இதில் பாதி உதவும்.

படி 1: நகை எங்கே உட்காரப் போகிறது?

கல்லைப் பற்றி யோசிக்கும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள். மோதிரமும் வளையலும் நாள் முழுக்கப் பாத்திரத்திலும் கதவிலும் இடிபடும். தோடு இடிபடாது, ஆனால் எண்ணெயும் சீயக்காயும் இறங்கும். மூக்குத்திக்கு வியர்வை, சோப்பு. ஆரம் வருஷத்துக்கு நாலு கல்யாணம் பார்க்கும், அவ்வளவுதான்.

அடுத்து நகையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பழைய தோடுகளில் பெரும்பாலும் பின்பக்கம் தங்கத் தகட்டால் மூடியிருக்கும். இப்போதைய நகைகளில் திறந்திருக்கும். எந்தக் கல் எடுபடும் என்பதை இதுவே பாதி தீர்மானித்துவிடும்.

படி 2: கல் வகைகள்

அமெரிக்கன் டைமண்ட், ஏடி, சிஇசட் எல்லாம் ஒன்றுதான்: கியூபிக் சிர்கோனியா. 1970களில் சந்தைக்கு வந்த செயற்கைக் கல். கடினம், அதாவது கீறல் விழாமல் தாங்கும் சக்தி, மோஸ் என்ற அளவுகோலில் 8 முதல் 8.5 (வைரம் 10). விலை டீ, வடைக் காசு. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுவது குடிசைத் தொழிலாகவே நடந்தது, இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. அதனால் நம் ஊருக்கு இது அந்நியக் கல் இல்லை. ஆரத்துக்கும் ஜிமிக்கிக்கும் தாராளமாக வைக்கலாம். தினமும் போடும் மோதிரத்துக்கு வேண்டாம். பட்டைகளின் விளிம்பு மழுங்கிக் கண்ணாடித் துண்டு போல ஆகிவிடும்.

மொய்சனைட் என்பது சிலிக்கன் கார்பைடு. ஹென்றி மொய்சான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1893இல் அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த விண்கல்லில் இதைக் கண்டார். இப்போது நகைக்கு வருவதெல்லாம் ஆய்வகத்தில் வளர்த்தது. கடினம் 9.25. வைரத்தைவிட அதிகமாக வானவில் நிறங்களைச் சிதறடிக்கும். பெரிய கல்லில் அது கொஞ்சம் கல்யாண மண்டபத்து சீரியல் லைட் மாதிரித் தெரியும். 3 மில்லிமீட்டர் கல்லில் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வெள்ளை சஃபையர்: கடினம் 9, கீறல் விழாது. ஆனால் ஒளியைத் திருப்பி அனுப்பும் சக்தி குறைவு. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, இதற்கு 1.77 தான். பின்பக்கம் மூடிய குழியில் வைத்தால் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கும். இன்னொரு எச்சரிக்கை. கடையில் "வெள்ளை புஷ்பராகம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். அந்தப் பெயரில் சஃபையரும் வரும், டோபாஸும் வரும். டோபாஸ் கடினம் 8, ஓங்கி இடிபட்டால் ஒரே நேர்க்கோட்டில் பிளந்துகொள்ளும் குணமும் உண்டு. எது என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

சிர்கான் என்ற பெயரிலும் குழப்பம் உண்டு. பல கடைகளில் சிஇசட்டையே "ஜிர்கான்" என்கிறார்கள். உண்மையான சிர்கான் பூமியில் கிடைக்கும் இயற்கைக் கல், நல்ல ஜொலிப்பு. ஆனால் நொறுங்கும் குணம். ஒரே காகிதப் பொட்டலத்தில் இரண்டு கல் உரசினாலே விளிம்பு தேய்ந்துவிடும். எனக்கு வேண்டாம்.

கடைசியாக ஆய்வக வைரம். இது மாற்றுக்கல் இல்லை, வைரமேதான். பிறந்த இடம் மட்டும் வேறு. சில வருஷங்களாக விலை நன்றாக இறங்கியிருக்கிறது. அதனாலேயே "நாளைக்கு விற்றால் வரும்" என்ற கணக்கில் வாங்காதீர்கள்.

நம் ஊர்ப் புழுதிக்கும் இதில் பங்கு உண்டு. செம்மண் தூசியில் இருக்கும் மணல் துகள் குவார்ட்ஸ், அதன் கடினம் 7. அதற்குக் கீழே இருக்கும் எந்தக் கல்லையும் துணியால் துடைத்தாலே கீறிக்கொண்டிருப்போம். வெறும் கண்ணாடிக் கல் சீக்கிரமே மங்குவதற்குக் காரணம் இதுதான்.

மாற்றுக்கல் வைப்பது கௌரவக் குறைச்சல் என்று என் பெரியம்மா முகம் சுளித்தார். செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் வெளியிட்டார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அந்தக் கல் போனது. "பர்மா சிவப்பு" என்று நாம் பத்திரப்படுத்தியிருக்கும் அட்டிகையில் எத்தனை கல் பர்மாவில் பிறந்தது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பெரியம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அட்டிகை அவரிடம் இருக்கிறது.

படி 3: கடை விளக்கில் பார்க்காதீர்கள்

நகைக்கடை விளக்குக்குக் கீழே உடைந்த பாட்டில்கூட மின்னும். இரண்டு மூன்று மாதிரிக் கற்களை வாங்கி வந்து வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) வைத்துப் பாருங்கள். காலை பத்து மணிக்கு வானத்து வெளிச்சம் நேராக இறங்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் ஒரு தடவை. அப்புறம் விரலில் ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தொட்டு கல்லின் மேல் தடவிவிட்டுப் பாருங்கள். தோடு நிஜத்தில் அப்படித்தான் இருக்கப்போகிறது. இந்த எண்ணெய்ச் சோதனையில் என் சஃபையர் படுத்தேவிட்டது. மொய்சனைட் முகம் கொஞ்சம் வாடினாலும் மின்னியது.

படி 4: அளவு (நான் விழுந்த குழி)

குழியின் குறுக்களவு 3 மில்லிமீட்டர் என்று ஆசாரி சொன்னார். 3 மில்லிமீட்டர் வட்ட வைரம் ஏறக்குறைய 10 சென்ட் இருக்கும் என்பது ஆச்சிமார் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நான் பெரிய விவரம் மாதிரி, "10 சென்ட் ஏடி கல் பதினான்கு" என்று கேட்டு வாங்கினேன். கேட்டதைத்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து குழியில் வைத்தால் ஒவ்வொன்றும் பெரிய செருப்புக்குள் குழந்தையின் கால் போல ஆடியது.

காரணம் ரொம்ப எளிது, எனக்குத்தான் ஒரு வாரம் பிடிபடவில்லை. சென்ட் என்பது எடை. 100 சென்ட் ஒரு கேரட், ஒரு கேரட் 0.2 கிராம். சிஇசட் வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். அதனால் அதே 10 சென்ட்டுக்கு வருவது கிட்டத்தட்ட 2.5 மில்லிமீட்டர் கல். மொய்சனைட்டில் இது தலைகீழ். அது வைரத்தைவிடக் கொஞ்சம் லேசு, அதே சென்ட்டுக்குக் கல் சற்றுப் பெரிதாக வரும், குழிக்குள் இறங்காது. சில வியாபாரிகள் மொய்சனைட்டை "வைரத்துக்குச் சமமான எடை" என்று ஒரு கணக்கில் விற்பார்கள், அது இன்னும் குழப்பம். எந்தக் கல்லானாலும் மில்லிமீட்டரில் கேளுங்கள். சென்ட்டை மறந்துவிடுங்கள்.

ஏழுகல் தோட்டில் இது ஏன் இத்தனை முக்கியம்? ஒரு ரூபாய் நாணயம் ஏழு எடுத்து மேசையில் வையுங்கள். ஒன்றைச் சுற்றி ஆறு, இடைவெளி இல்லாமல் கச்சிதமாக உட்காரும். தோடும் அதே கணக்கில் செய்ததுதான். ஒரு கல் சின்னதாகப் போனாலும் அந்த இடம் காலியாகக் கண்ணில் அடிக்கும்.

சரி, 3 மில்லிமீட்டர் என்று சொல்லி வாங்கினால் முடிந்ததா? அதுவும் இல்லை. கையால் செய்த பழைய நகையில் பதினான்கு குழியும் ஒரே அளவில் இருக்காது. டிஜிட்டல் வெர்னியர் வாங்கி அளந்தேன். கல்லை அளக்க அது அருமை, இவ்வளவு சின்னக் குழியை அளக்க உதவாது, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் காட்டும். கடைசியில் கண்டுபிடித்த வழி இது:

2.8, 2.9, 3.0, 3.1, 3.2 மில்லிமீட்டரில் சிஇசட் கல் இரண்டிரண்டு வாங்குங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். ஒரு தீக்குச்சி நுனியில் தேன்மெழுகு உருட்டி, கல்லின் மேல்முகத்தை அதில் ஒட்டித் தூக்கி, குழியில் இறக்கிப் பாருங்கள். ஆடாமல், திணிக்காமல் உட்காரும் அளவுதான் அந்தக் குழிக்கு. காகிதத்தில் தோட்டின் படம் வரைந்து, குழிகளுக்கு எண் போட்டு, எதிரே அளவை எழுதுங்கள். என் தோட்டில் ஒன்பது குழி 3.0, மூன்று 2.9, இரண்டு 3.1. கல்லின் ஆழத்தையும் பாருங்கள். அடிமுனை பின்தகட்டில் இடித்தால் கல் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்த ஒரு சாயங்கால வேலை இல்லாமல் கல்லுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

படி 5: எதை வாங்கினேன், ஏன்

முதலில் சிஇசட்டிலேயே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆசாரியின் ஒரு கேள்வி மாற்றிவிட்டது: "ஆச்சி, எந்தக் கல்லுக்கும் பதிக்கிற கூலி ஒண்ணுதான். ரெண்டு வருஷத்துல மங்கிப்போச்சுன்னா மறுபடியும் பிரிச்சுக் கட்டணும். பழைய தங்கம், எத்தனை தடவை நெம்புறது?" நியாயம்தானே. கல்லைத் தாங்கும் விளிம்புத் தங்கம் ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் தேயும். அதனால் தினமும் போடும் தங்கத் தோட்டுக்கு மொய்சனைட். வெள்ளியில் முலாம் பூசிய தோடு என்றால் சிஇசட்டே போதும், நகையும் கல்லும் ஒன்றாகக் கிழடாகட்டும்.

மொய்சனைட்டில் நிறமற்றது என்று கேளுங்கள். மலிவான சிலவற்றில் லேசான பச்சை, சாம்பல் சாயல் இருக்கும். மஞ்சள் தங்கத்துக்குள் போனால் அது அவ்வளவாகத் தெரியாது என்பதால் உச்சத் தரத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் என்பது என் கட்சி.

படி 6: பில்

புது நகை வாங்கினால் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் சிஇசட் பதினான்கு சேர்ந்தால் ஏறக்குறைய அரை கிராம் வரும். கழிக்காமல் விட்டால் அரை கிராம் ஏடி கல்லுக்குத் தங்க விலை கொடுக்கிறீர்கள், அதன் மேல் சேதாரம் வேறு. ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான் சாட்சி, கல்லுக்கு இல்லை. கல்லின் பெயரைப் பில்லில் முழுசாக எழுதச் சொல்லுங்கள். ஆய்வக வைரம் என்றால் ஐ.ஜி.ஐ. அல்லது ஜி.ஐ.ஏ. என்ற கல் பரிசோதனை நிறுவனங்களின் சான்றிதழ் கேளுங்கள்; பொடிக் கற்களுக்குத் தனித்தனியாகக் கிடைக்காது.

பிறகு சேர்த்தவை

ஒருவர் கேட்டிருந்தார்: "வைரம் பார்க்கும் மெஷினில் வைத்தால் என் மொய்சனைட் வைரம் என்று கத்துகிறது, ஏமாற்றி வைரத்தையே கொடுத்துவிட்டார்களா?" அப்படி ஏமாறினால் எனக்கும் முகவரி கொடுங்கள். சாதாரண மெஷின் வெப்பம் எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று மட்டும் பார்க்கும். மொய்சனைட்டும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதனால் ஏமாறுவது மெஷின்தான். பத்து மடங்கு லென்ஸில் கல்லைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் பின்பக்கப் பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும், வைரத்தில் ஒற்றையாகத்தான் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் தெரியாது, சாய்க்க வேண்டும். யாரிடமாவது பழைய நகை வாங்கும்போதும் மெஷின் சத்தத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இன்னொருவர் தோட்டை ராத்திரி முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டார். பின்பக்கம் மூடிய தோடு. உள்ளே தண்ணீர் இறங்கி, அடியில் இருந்த பளபளப்புத் தாள் கறுத்து, கல் மொத்தமும் செத்துப்போனது. ஆசாரி பிரித்துத்தான் சரிசெய்ய முடியும். திறந்த நகையை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு ஒரு சொட்டு விட்டு ஊறவைக்கலாம். மூடியதை ஈரமான மென்மையான பிரஷ்ஷால் மேலே மட்டும் தேய்த்து உடனே துடையுங்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், எனக்குத் தெரிந்ததால் எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஒற்றைக்கல் மூக்குத்திக்கு என்ன கல் என்று நாலைந்து பேர் கேட்டார்கள். 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஒரே ஒரு கல்லுக்கு மாற்றுத் தேடி அலையாதீர்கள். அந்த அளவில் ஆய்வக வைரமே கட்டுப்படியாகும். எட்டுக்கல் பேசரி என்றால் மறுபடி படி 4க்குப் போங்கள்.

கல் வாங்கும்போது ஒவ்வொரு அளவிலும் இரண்டு கூடுதலாக வாங்கிவிடுங்கள், அதே வியாபாரியிடம், அதே நாளில். என்னுடையவை மாத்திரை டப்பாவின் அறைகளில் அளவு எழுதிக் கிடக்கின்றன, குழிகளின் படமும் மடித்து அதிலேயே இருக்கிறது. போன மாதம் இடது தோட்டின் நாலாம் குழிக் கல் தலையணையில் கழன்று விழுந்தது. டப்பாவைத் திறந்து 2.9 ஒன்றை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனேன், கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.